சங்கிலி இல்லாத சங்கடம்

லடாக்கை நோக்கிப் பாயும் விலையுயர்ந்த டூரிங் மோட்டார் சைக்கிள்களுக்கு செயினைத் துடைக்கும் வேலை இல்லை. ஆனால் பின்சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும் தண்டும் பல்சக்கரமும் கவனிப்பு கேட்கின்றன. கேட்பது காதில் விழாமல் போனால் விலை அதிகம்.

ஜூலை மாதப் பிற்பகல். இமாசலப் பிரதேசத்தில் தார்ச்சாவைத் தாண்டி பாரலாச்சா கணவாயை நோக்கி ஏறும் சாலையில் பனி உருகிய நீர் குறுக்கே பாய்கிறது. காலையில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர், வெயில் ஏற ஏற முழங்காலைத் தொடுகிறது. அதில் இறங்கும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை புல்லட்டுகளும் ஹிமாலயன்களும். அக்கரை ஏறியதும் ஓட்டிகள் செய்யும் முதல் காரியம் செயினைப் பார்ப்பது. மணல் ஏறியிருக்கிறதா, தொய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்து, பையிலிருந்து ஆயில் டப்பாவை எடுக்கிறார்கள்.

அதே தண்ணீரைக் கடந்து வரும் பிஎம்டபிள்யூ ஜிஎஸ் ரக வண்டிக்காரர் மட்டும் குனிவதில்லை. அவர் வண்டியில் செயினே இல்லை. என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோவது, அலுமினியக் கைக்குள் மறைந்து சுழலும் எஃகுத் தண்டு. பார்க்க எதுவும் இல்லை; துடைக்க எதுவும் இல்லை. அவர் தேநீர்க் கூடாரத்தைத் தேடிப் போகிறார்.

தொல்லை தொடங்குவதும் அங்கேதான். வெகுநேரம் மலையேறிய சூட்டில் இருக்கும் பின்சக்கரப் பெட்டி, பனி நீரில் திடீரென முங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. சுருங்கிய காற்று வெளியிலிருந்து எதையாவது இழுத்துக்கொள்ளப் பார்க்கும். ஆயில் சீல் தேய்ந்திருந்தாலோ, தண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ, இழுபடுவது தண்ணீர். அன்று ஒன்றும் தெரியாது. அடுத்த கோடையில் தெரியலாம்.

புதியதல்ல

தண்டு மூலம் சக்கரத்தைச் சுழற்றும் ஏற்பாடு புதுமையல்ல. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1905இலேயே நான்கு சிலிண்டர் வண்டியில் இதைப் பயன்படுத்தியது. பிஎம்டபிள்யூ தனது முதல் மோட்டார் சைக்கிளான ஆர் 32ஐ 1923இல் பெர்லினில் காட்சிக்கு வைத்தபோது அதிலும் தண்டுதான் இருந்தது. 494 சிசி, எட்டரைக் குதிரைசக்தி. என்ஜினின் கிராங்க் தண்டு வண்டியின் நீளவாக்கில் அமைந்திருந்ததால், சக்தி நேராகப் பின்னால் போய்ச் சக்கரத்தருகே ஒரே ஒரு முறை திரும்பினால் போதும். நூறாண்டுகள் கழித்தும் அந்நிறுவனத்தின் பாக்ஸர் வண்டிகளில் அடிப்படை அதுவே. ஹோண்டா 1970களின் நடுவில் கொண்டுவந்த கோல்டு விங் ஜிஎல் 1000 வண்டியும் இந்த வழியைத்தான் பின்பற்றியது.

தண்டுக்கு மவுசு கூடியது பாலைவனத்தில். 1980இல் வந்த ஆர் 80 ஜி/எஸ் வண்டியில் பின்சக்கரம் ஒற்றைக் கையில் நின்றது. அதன் வழிவந்த பந்தய வண்டிகள் 1981, 1983, 1984, 1985 ஆகிய ஆண்டுகளில் பாரிஸ்-டக்கார் போட்டியில் வென்றன. செயினை அரைத்துத் தின்னும் மணலில் மூடிய தண்டுக்கு ஆயுள் கெட்டி என்ற பெயர் நிலைத்தது.

ஆனால் இந்திய மெக்கானிக்குகளுக்கு இரு சக்கரத் தண்டு அந்நியம். இத்தாலியின் லாம்பிரெட்டா ஸ்கூட்டரின் ஆரம்பகால மாடல்களில் தண்டு இருந்தது உண்மை. ஆனால் 1950களின் பிற்பகுதியில் அதுவும் செயினுக்கு மாறிவிட்டது; இந்தியத் தெருக்களில் பல்லாண்டுகள் ஓடிய லாம்பிரெட்டாக்களில் பெரும்பாலானவை, பெட்டிக்குள் மூடிய செயின் கொண்டவை. புல்லட், ஜாவா, ராஜ்தூத், யமஹா என்று பட்டறைகள் வளர்ந்ததே செயினோடுதான். தண்டு என்றால் அவர்களுக்கு நினைவுக்கு வருவது லாரி.

அந்த நினைவு தவறானதல்ல. லாரியின் அடியில் சுழலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதன் இரு முனைகளிலும் உள்ள கிராஸ் எனப்படும் யுனிவர்சல் ஜாயிண்ட், பின்னச்சில் இருக்கும் கிரவுன் வீல், பினியன் ஆகிய அனைத்தும் சிறிய அளவில் இந்த வண்டிகளிலும் உண்டு. வளைவுகளில் இரு சக்கரங்களுக்கும் வேகத்தைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் மட்டும் இல்லை. லாரிக்கு உரிய அக்கறையை மோட்டார் சைக்கிளுக்கும் கொடுத்தால் பாதிக் கவலை தீரும். அக்கறையின் அளவுதான் வேறு. லாரியின் அச்சில் லிட்டர் கணக்கில் ஆயில் நிற்கும். ஆர் 1200 ஜிஎஸ்ஸின் பின்பெட்டியில் மாற்றும்போது ஊற்றுவது 180 மில்லி. இரண்டு தேநீர்க் கோப்பைகூட நிரம்பாது.

ஒரு கோப்பை எண்ணெய் சொல்லும் கதை

அந்த 180 மில்லிக்குள்தான் வண்டியின் ஜாதகம் இருக்கிறது. முழு என்ஜின் சக்தியும் கிரவுன் வீலும் பினியனும் உரசும் சில பற்களின் வழியே போகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கச் சாதாரண என்ஜின் ஆயிலால் முடியாது. பல்சக்கரத்துக்கென்றே தயாராகும் கியர் ஆயில் வேண்டும். 2004இல் அறிமுகமான ஆர் 1200 ஜிஎஸ் வண்டிக்கு இந்த ஆயிலை மாற்றவே தேவையில்லை, ஆயுள் முழுக்கப் போதும் என்றுதான் முதலில் கருதப்பட்டது. முதலில் வந்த வண்டிகளின் பெட்டியில் ஆயிலை வடிக்க அடியில் ஒரு திருகுகூட வைக்கப்படவில்லை. வடிக்க வேண்டுமானால் பெட்டியையே கழற்றித் தொங்கவிட வேண்டும். அனுபவம் வேறு பாடம் சொன்னது. பின்னர் முதல் 1,000 கி.மீ.யிலும் அதன்பின் 20,000 கி.மீ.க்கு ஒரு முறையும் மாற்றுவது முறையாயிற்று. வடிகால் திருகும் வந்தது.

வேலையைத் தொடங்குமுன் வண்டியைச் சில கிலோமீட்டர் ஓட்டிவருவது நல்லது. சூடான ஆயில் இளகி, அடியில் தங்கிய பொடியையும் சேர்த்துக்கொண்டு வடியும். பிறகு சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும்.

வடியும் ஆயிலை நேரே குப்பைக்கு அனுப்புபவர் பாதி வேலையைத் தவறவிடுகிறார். பாலில் கலந்த தேநீர் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. கருத்து, ஆனால் வழவழப்பாக இருந்தால் வெறும் வயது. திருகின் காந்த முனையில் சாம்பல் நிறப் பசை லேசாக ஒட்டியிருந்தால் பயமில்லை. பற்கள் பழகும்போது உதிர்வது அது. விரலுக்குக் குத்துகிற செதில் அகப்பட்டால் பேரிங் அல்லது பல் உடையத் தொடங்கிவிட்டது. அத்தகைய வண்டியில் புது ஆயில் ஊற்றி மலைக்கு அனுப்புவது தவறு.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம். சக்கரத்தின் மேல் விளிம்பை ஒரு கையாலும் கீழ் விளிம்பை மறு கையாலும் பிடித்து இடவலமாக ஆட்டிப் பார்ப்பது. கட்டுமானத்தில் அனுமதித்த நூலிழை அசைவுக்கு மேல் ஆட்டம் தெரிந்தால் பெரிய பேரிங் தேய்ந்திருக்கலாம். சக்கரத்தின் உட்புறத்தில் ஆயில் கசிவு தெரிந்தால் அது பணப் பிரச்சினை மட்டுமல்ல. அங்கிருந்து பிரேக் டிஸ்க்கும் டயரும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

ஊற்றும்போது தாராளம் கூடாது. கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்ற எண்ணம் இங்கே எதிரி. சூட்டில் விரிய இடமில்லாத ஆயில், சீலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சால் அளந்து ஊற்றுவதே பாதுகாப்பு.

தண்டின் ரகசியம்

அடுத்தது தண்டு. பின்பெட்டியின் எதிர்விசைத் தண்டைக் கழற்றி, ரப்பர் உறையை விலக்கினால், பெட்டி கீழ்நோக்கிச் சாயும். அதைக் கையாலோ கட்டையாலோ தாங்க வேண்டும். பிரேக் குழாயும் ஏபிஎஸ் ஒயரும் அதோடு போவதால், அவற்றில் பெட்டியின் எடையைத் தொங்கவிட்டால் வேறொரு விபத்துக்கு விதை போட்டதாகிவிடும்.

உறையைத் திறந்ததும் பார்க்க வேண்டியது துரு. உலர்ந்த எஃகு நிறம் தெரிந்தால் நிம்மதி. செம்மண் போன்ற பொடியோ, தேங்கிய தண்ணீரோ இருந்தால் உறை தன் வேலையைச் செய்யவில்லை. தண்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்கள், ஸ்ப்ளைன், பெட்டியின் பற்களோடு பொருந்துகின்றன. சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போதெல்லாம் அவை மிகச் சிறிய தூரம் முன்னும் பின்னும் வழுக்குகின்றன. மசகு வற்றினால் அந்தச் சிறு வழுக்கலே பற்களை அரைத்துவிடும். கூர்மையாகத் தேய்ந்த பல்லை எந்த கிரீஸும் மீட்காது. பழையதைத் துடைத்துவிட்டு, மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த பசையை மெலிதாகப் பூச வேண்டும். கோல்டு விங் வண்டிகளில், குறிப்பாக 1988இல் வந்த ஜிஎல் 1500 ரகத்தில், டயர் மாற்றச் சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் இந்தப் பற்களைப் பார்ப்பதை அனுபவசாலிகள் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். தனியாகக் கூலி இல்லாத வேலை அது.

யுனிவர்சல் ஜாயிண்டை இரு திசைகளிலும் மடக்கிப் பார்க்க வேண்டும். பட்டுப்போல அசைய வேண்டும். நடுவில் எங்கேனும் தட்டி நின்றாலும், சொரசொரத்தாலும் அதற்குள் ஊசி பேரிங் துருப்பிடித்துக் குழி விழுந்திருக்கிறது. ஓடும்போது அந்த ஜாயிண்ட் உடைந்தால் சக்தி அறுபடுவதோடு போகாது. தண்டு தன் உறையையே கிழிக்கலாம், சக்கரம் இறுகலாம்.

திரும்பப் பொருத்தும்போது ஒரு நுட்பம் உண்டு. கோணத்தில் சுழலும் யுனிவர்சல் ஜாயிண்ட் சீராகச் சுழல்வதில்லை. ஒரு சுற்றுக்கு இரு முறை வேகம் கூடிக் குறையும். தண்டின் இரு முனைகளிலும் உள்ள ஜாயிண்டுகள் ஒரே வரிசையில் நின்றால் ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டும். ஒரு பல் தள்ளிப் பொருத்தினாலும் அந்தச் சமாதானம் குலையும். வண்டி காரணம் தெரியாமல் அதிரும். லாரி மெக்கானிக்குகளுக்கு இது பால பாடம். கழற்றுமுன் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் அதே கோடு போதும்.

2013இல் வந்த நீர்குளிர் என்ஜின் ஜிஎஸ்ஸில் தண்டு வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு மாறியது. இடம் மாறினாலும் ஈரம் விடவில்லை. உறைக்குள் ஈரம் தேங்கித் தண்டு துருப்பிடிப்பதாக எழுந்த புகார்களை அடுத்து, 20,000 கி.மீ.க்கு ஒரு முறை தண்டைத் திறந்து பார்ப்பதும், 60,000 கி.மீ.யில் கட்டணமின்றி மாற்றித் தருவதும் பல நாடுகளில் நிறுவனத்தின் ஏற்பாடாயிற்று. பராமரிப்பே வேண்டாத தண்டு என்ற பெருமை அத்தோடு போனது.

கைக்கணக்கு போதாது

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டுக் கடைசி ஐந்து போல்ட்டுகளில் கோட்டை விடுபவர்கள் உண்டு.

ஒற்றைக் கைச் சக்கரத்தின் வசதி இது: காருக்குக் கழற்றுவதுபோல ஐந்து போல்ட்டுகளைக் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும். செயினைத் தளர்த்த வேண்டாம், அச்சை உருவ வேண்டாம். பஞ்சர் கடைக்காரருக்கும் பிடித்த வண்டி. ஆர் 1200 ஜிஎஸ்ஸில் அந்த போல்ட்டுகளுக்கு விதித்த இறுக்கம் 60 நியூட்டன் மீட்டர். ஒரு அடி நீள ஸ்பேனரின் முனையில் ஏறக்குறைய 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் விசை அது. நெடுஞ்சாலை ஓரத்துக் கடையில் நடப்பது வேறு. லாரிச் சக்கரம் கழற்றும் ஸ்பேனரில் ஒரு மீட்டர் இரும்புக் குழாயைச் செருகி, 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் நுனியில் ஏறி மிதித்தால் விழும் விசை கிட்டத்தட்ட 600 நியூட்டன் மீட்டர். விதித்ததைப்போல் பத்து மடங்கு.

எஃகுக்கு எஃகு என்றால் போல்ட் முறுக்கி அறுந்து உண்மையைச் சொல்லிவிடும். அந்தத் தலைமுறை வண்டிகளில் சக்கரம் பொருந்தும் விளிம்புத் தட்டு அலுமினியம். அது உடனே உடையாது. மயிரிழை விரிசல் விடும், ஆயிரம் கிலோமீட்டர் கழித்து விரிசல் நீளும், போல்ட் தளரும். 2015 மார்ச்சில் அமெரிக்காவில் 43,000க்கும் மேற்பட்ட பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிள்கள் திரும்ப அழைக்கப்பட்டதற்குக் காரணம் இதுவே. பின்சக்கர போல்ட்டுகளை அளவுக்கு மீறி இறுக்கினால் தட்டு விரிசல் விடலாம், சக்கரமே கழன்றுபோகலாம் என்று கண்டறிந்து, அலுமினியத் தட்டுக்குப் பதில் எஃகுத் தட்டு பொருத்தினார்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. அச்சாணியை அளவுக்கு மீறி அடித்தாலும் தேர் ஓடாது என்பது இந்தத் தட்டு சொன்ன சேதி.

அவ்வளவு பெரிய சந்தைக்கே அது நேர்ந்தது என்றால், டார்க் ரெஞ்ச் என்ற கருவி பட்டறைச் சுவரில் அபூர்வமாகவே தொங்கும் நாட்டில் என்ன நடக்கும்? தில்லி கரோல்பாக்கில் லடாக் பயணத்துக்கு புல்லட்டுகளைத் தயார்செய்யும் மெக்கானிக்குகளின் கைக்கணக்கு சாதாரணமானதல்ல. எத்தனையோ ஆயிரம் நட்டுகளை இறுக்கி, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று மணிக்கட்டுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த மணிக்கட்டு பழகியது புல்லட்டின் எஃகு அச்சில். அலுமினியத் தட்டின் பொறுமை எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. குறை மெக்கானிக்கிடம் இல்லை. வண்டிக்கு இருபது லட்சம் கொடுத்தவர், அதன் விலையில் மிகச் சொற்பமே ஆகும் கருவியை வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தால் மெக்கானிக்கின் கையில் கொடுக்கலாம்.

கூடவே இன்னொரு பொறி. போல்ட் எளிதாக ஏறட்டும் என்று கிரீஸ் தடவுவது பட்டறைகளின் அன்பான பழக்கம். உலர்ந்த போல்ட்டுக்கென்று கணக்கிட்ட 60 நியூட்டன் மீட்டரை வழவழப்பான போல்ட்டில் கொடுத்தால், உராய்வில் வீணாகும் விசையும் சேர்ந்து போல்ட்டை இழுக்கும். கருவி சரியான எண்ணைக் காட்டும். இறுக்கம் கூடுதலாக இருக்கும். ஆகவே போல்ட்டும் தட்டும் சுத்தமாக, உலர்ந்திருக்க வேண்டும். ஐந்தையும் முதலில் விரலால் ஏற்றி, நட்சத்திரம் வரைவதுபோல எதிரெதிராக இறுக்கி, கடைசிச் சுற்றில் மட்டும் முழு விசைக்கு வர வேண்டும். பிரேக் காலிப்பரைத் தொட்டிருந்தால், புறப்படுமுன் பிரேக்கை நாலைந்து முறை மிதித்து அழுத்தம் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறந்தால் முதல் வளைவில் கால் வெறும் காற்றை மிதிக்கும்.

யாருக்கு எது?

அப்படியானால் செயினே மேலா? ஓட்டும் தூரத்தையும் இடத்தையும் பொறுத்தது. தண்டு கனமானது, விலை கூடியது. கிரவுன் வீலில் சக்தி திரும்பும்போது கொஞ்சம் வீணாகிறது. ஆக்சிலேட்டரைத் திருகியதும் பினியன் கிரவுன் வீலின் மீது ஏறப்பார்ப்பதால் பழைய தண்டு வண்டிகளின் பின்பாகம் எழும்பும். 1987இல் வந்த பாராலீவர் அமைப்பு அதை அடக்கியது. செயின் லேசானது, கண்ணுக்குத் தெரிவது. நோய் வந்தால் சத்தம் போடுவது. லேயிலோ மணாலியிலோ மாற்றிவிடலாம். அதற்கு ஈடாகச் சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை குனிந்து 90 ஆயில் தடவ வேண்டும்.

தண்டு நீண்டகாலம் மௌனமாக உழைக்கும். அது பேசும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிள் பிரிவு இந்தியாவில் நேரடியாகக் கடை விரித்தது 2017இல்தான். ஆர் 1300 ஜிஎஸ் 2024 ஜூனில் வந்தபோது ஷோரூம் விலை ரூ.20.95 லட்சம். இத்தகைய வண்டிகளின் அங்கீகாரம் பெற்ற பணிமனைகள் பெருநகரங்களில்தான் இருக்கின்றன. தண்டு உடைவதோ பெருநகரத்தில் அல்ல. 2020 அக்டோபரில் திறந்த 9.02 கி.மீ. அடல் சுரங்கப்பாதை ரோத்தங்கை எளிதாக்கிவிட்டது. அதற்கப்பால் 5,300 மீட்டருக்கு மேலுள்ள தங்லங் கணவாய்வரை சாலை எவருக்கும் சலுகை காட்டுவதில்லை. அங்கே நின்றுபோன வண்டியை லாரியில் ஏற்ற வேண்டியதுதான். உதிரி பாகம் பெரும்பாலும் கடல் கடந்து வர வேண்டும். பயணக் காலமோ ஆண்டுக்குச் சில மாதங்களே.

உப்பு விற்கப்போன சங்ககால உமணர்கள் மேடு பள்ளத்தில் வண்டியின் அச்சு முறிந்தால் உதவட்டும் என்று, இன்னொரு அச்சை அடியில் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். சேம அச்சு என்று அதற்குப் பெயர். ஜிஎஸ் வண்டிக்கு அப்படி ஒரு தண்டைக் கட்டிக்கொண்டு யாரும் போக முடியாது. எடுத்துச் செல்லக்கூடியது ஒரு டார்க் ரெஞ்சும், புறப்படுமுன் பின்சக்கரத்தைக் கழற்றி உள்ளே என்ன நிலை என்று பார்த்துவிட்ட நிச்சயமும்தான். அதற்கு ஆகும் நேரம் ஒரு பிற்பகல்.